அஞ்சாவது எண்ணுக்குக் கேட்ட கல்

இங்கிட்டு உக்காருங்க தாயி. அந்த ஓரத்துக்குப் போக வேணாம், காஞ்ச புல்லு, செருப்பு வழுக்கும். மொதல்ல தண்ணியக் குடிங்க. மூச்சு வாங்குது பாருங்க. கீழ இருந்து வாறவங்களுக்கு இந்த ஏத்தம் லேசுல ஒத்துக்காது. உங்க தம்பி நவநீதன் ஒருத்தருதான் முதுகுல பாராசூட்டுக் குடை மூட்டையோட பேசிக்கிட்டே ஏறுனாரு. உச்சிக்கு வாறதுக்குள்ள உங்களப் பத்தி, உங்க அம்மாவப் பத்தி, சின்ன வயசுல நீங்க அவரு சைக்கிள ஒடச்சது, பூராம் சொல்லி முடிச்சுட்டாரு. எங்க அக்கா சுபத்ரா கைய வச்சா எதுவும் உருப்படாதுண்ணேன்னாரு. நீங்க சிரிக்கிறது அவரு சிரிக்கிற மாதிரியே இருக்கு.

இதான் புடவு. நேரா வெட்டி விட்டாப்புல இறங்குற பாறைய எங்க பக்கம் புடவும்போம். அந்தா, எதுக்க தெரியுதே, அதுவும் புடவுதான். ரெண்டுக்கும் நடுவுல இருக்குற பள்ளந்தான் கிடங்கு. உள்ள மனுசன் நடமாட்டம் கெடையாது, தேன் எடுக்குறவங்க வருசத்துக்கு ஒரு தடவ போவாங்க, அம்புட்டுதான். அடியில ஓடை ஓடுது. சத்தம் கேக்குதா? கேக்காது. எனக்குக் கேக்கும். என் காது அப்படி.

டீக்கடையில நீங்க கேட்டப்ப நான் வாயத் தொறக்கல, வருத்தப்படாதீங்க. "எங்க அம்மா ஒரு வருசமா ஒரே கேள்வியத்தான் கேக்குறாங்க, என் மகன் தவறிச் செத்தானா, வேணும்னு செத்தானா"ன்னு கேட்டீங்க. நிச்சயம் பண்ணுன பொண்ணு வேணாம்னு சொன்னதுல மனசொடிஞ்சு தானே உயிர விட்டுட்டான்னு சொந்தக்காரங்க பேசுறாங்க, அம்மா அவரு படத்துக்கு ஒரு பூக்கூட வைக்க மாட்டேங்குறாங்கன்னு சொன்னீங்க. என்னைய விட்டுட்டுப் போக அவனுக்கு மனசு வந்துச்சேன்னு அழுகுறாங்கன்னு சொன்னீங்க. அதுக்கு டீக்கடையில வச்சு என்ன பதில் சொல்ல? நாலு பேரு வாயப் பாத்துக்கிட்டு இருக்காய்ங்க. அதான் வாங்க, எடத்தக் காட்டிச் சொல்றேன்னு கூட்டியாந்தேன்.

ஒண்ணு மட்டும் மொதல்லயே சொல்லிர்றேன். எம்மேல தப்பு இல்ல. ஊருக்குள்ள என்ன பேசுறாய்ங்கன்னு எனக்குத் தெரியும். சன்னாசி கூட்டிப் போனான், புள்ள செத்துப்போச்சுன்னு. அதுக்கப்புறம் ஒருத்தரும் என்னையக் கூப்பிடுறதில்ல. மலை பாக்க வாறவங்களக் கூட்டிப் போகன்னு இருந்த ஒரு ஆளு நாந்தான், இப்ப பஸ்ஸுல இருந்து இறங்குறவங்க எனக்கு முன்னாடியே வேற ஆளத் தேடுறாங்க. தேடட்டும். நான் என் வேலைய ஒழுங்காத்தான் செஞ்சேன்.

என் வேலை என்னன்னு கேளுங்க. நான் மலைக்காரன் இல்ல தாயி. சொந்த ஊரு கம்பம் பக்கம், இது பொண்டாட்டி ராக்கு ஊரு. அங்க நான் களத்துல நெல்லு அளந்தவன். மரக்காலக் கையில எடுத்தேன்னா நூறு மரக்கா அளந்தாலும் ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது. பக்கத்துல சண்டை நடந்தாலும் எண்ணிக்கை தப்பாது. மொத மரக்கா எடுத்துப் போடுறப்ப லாபம்னு சொல்லணும். ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம். லாபம், ரெண்டு, மூணு, நாலுன்னு போகும். மொத அளவு வெறுமனே போகக் கூடாதுல்ல, அந்த வீட்டுக்கு விருத்தி வேணும்ல. அப்புறம் எடை மெசினு வந்துருச்சு, நான் இங்க வந்துட்டேன். ஆனா எண்ணுற வாயி அதேதான். மாட்ட எண்ணுனாலும் லாபம்தான், படிக்கட்ட எண்ணுனாலும் லாபம்தான். ராக்கு சிரிப்பா.

அந்தக் கூட்டத்தக் கூட்டியாந்தது பெல்லியப்பான்னு ஒரு ஆளு. குடகுக்காரரு, தமிழு நல்லாப் பேசுவாரு. மலை மலையாப் போயி குடைய மாட்டிக்கிட்டுப் பாறையில இருந்து குதிக்கிறவங்களக் கூட்டிப் போறதுதான் அவரு தொழிலு. அவரு, உங்க தம்பி, இன்கிரிட்னு ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு, மூணே பேரு. மொத ரெண்டு நாளு மேப்புடவுல குதிச்சாங்க. அந்தா, அந்த ஒத்த மரம் நிக்குதே, அதுதான் மேப்புடவு. நல்ல உசரம். நான் கயிறு கட்டுறது, தண்ணி சுமக்குறது, அப்புறம் கல்லுப் போடுறது.

கல்லுன்னா, குதிக்கிறதுக்கு முன்னாடி ஒரு கல்லப் போட்டு அது அடியில விழ எத்தன நொடி ஆகுதுன்னு எண்ணுவாங்க. உசரம் பாக்க லேசரு மெசினு இருந்துச்சு, இருந்தாலும் கல்லும் போடுவாங்க. அம்புட்டு ஆழத்துல அவங்க யாருக்கும் கல்லு விழுறது கேக்கல. நான் குப்புறப் படுத்து ஓரத்துல தலைய நீட்டிக் கேட்டுச் சொன்னேன். மேப்புடவுல எட்டுன்னேன். இல்லைன்னு யாரும் சொல்லல. அண்ணனுக்குப் பாம்புக்காதுன்னு உங்க தம்பி முதுகுல தட்டுனாரு.

ரெண்டாம் நாளு சாயங்காலம் அடுப்புப் பக்கத்துல உக்காந்து அவருதான் எனக்கு வெளக்கமாச் சொன்னாரு. "அண்ணே, கல்லு விழ எட்டுன்னா எங்களுக்குக் கொண்டாட்டம். அஞ்சுன்னா, குதிச்சு மூணு எண்ணிட்டுக் குடைய விட்டுறணும். நாலுன்னா எண்ணவே கூடாது. காலை எடுத்த கையோட குடை வெளிய வந்துறணும்"னாரு. ஒரு நொடியில என்ன தம்பி இருக்குன்னேன். "ஒரு நொடியிலதாண்ணே எல்லாம் இருக்கு"ன்னு சிரிச்சாரு.

மூணாம் நாளு இங்க வந்தோம். இந்த எடத்துல அதுக்கு முன்ன யாரும் குதிச்சதில்ல. புது எடத்துல மொத ஆளாக் குதிக்கணும்னு உங்க தம்பிக்கு ஆசை. வந்து பாத்தா கிடங்கு பூராம் மஞ்சு மூட்டம். எதுக்க இருக்குற பாறை மறைஞ்சு மறைஞ்சு தெரியுது. பெல்லியப்பா லேசரு அடிச்சுப் பாக்குறாரு, ஒரு தடவ முப்பது மீட்டருங்குது, ஒரு தடவ நூத்திப்பத்துங்குது. மஞ்சுல அது வேலை செய்யாதாம். மதியத்துக்கு மேல காத்து ஏறிரும், காத்து ஏறுனா குதிக்கக் கூடாது. சரி, கல்லுதான்னு முடிவாச்சு.

நான் படுத்தேன். இந்தா, இந்த எடத்துலதான். பெல்லியப்பா என் இடுப்புக் கயித்தப் புடிச்சுக்கிட்டாரு. மூணு கல்லுப் போட்டேன். மூணுக்கும் அஞ்சு. ஒவ்வொரு தடவையும் அஞ்சு வெரலையும் விரிச்சுக் காட்டுனேன். தலைய வெளிய நீட்டி நான் எண்ணுனது அவங்களுக்குக் கேக்கல, வெரலத்தான் பாத்தாங்க. அஞ்சு, நல்லதுன்னுட்டு பெல்லியப்பா சாமானத்தத் தூக்கிக்கிட்டு அந்தப் பொண்ணையும் கூட்டிக்கிட்டுச் சுத்துப் பாதையில அடிக்கு இறங்கிட்டாரு. லேசரும் அவரு பையோட போயிருச்சு. மேல நானும் உங்க தம்பியும் மட்டும்.

குதிக்கிறதுக்கு முன்னாடி அவரு ரொம்ப நேரம் பேசாம நின்னாரு தாயி. ஓரத்துல, ரெண்டு கால் வெரலையும் வெளிய நீட்டிக்கிட்டு. அரை மணி நேரம் இருக்கும். அதத்தான் நான் போலீசுலயும் சொன்னேன். எப்பவும் பேசிக்கிட்டே இருக்குற மனுசன், அன்னைக்குப் பேசாம நின்னாருன்னு. உள்ளதச் சொல்லாம எப்படி இருக்க முடியும்?

மஞ்சு வெலகி அடியில கொஞ்சம் பச்சை தெரிஞ்சுச்சு. குதிச்சுட்டாரு. நான் எண்ணுனேன். கை சும்மா இருந்தாலும் வாயி எண்ணிருமே. லாபம், ரெண்டு, மூணு, நாலு, துணி படார்னு விரிஞ்ச சத்தம். அஞ்சுன்னேன். அஞ்சுன்னப்ப கீழ கேட்டுச்சு. கல்லு கேட்ட மாதிரியே கேட்டுச்சு தாயி. அதே எண்ணுல. அப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்கு. இறங்கி ஓடுனேன், என்ன செய்ய. போறதுக்குள்ள பெல்லியப்பா அவரு முகத்த மூடிட்டாரு.

இதச் சொல்லக் கூடாதுதான், இருந்தாலும் சொல்றேன், என் எண்ணிக்கை சரிங்கிறதுக்கு அதவிட என்ன சாட்சி வேணும்? கல்லும் அஞ்சு, அவரும் அஞ்சு.

அன்னைக்கே பெல்லியப்பா என்னையத் தனியாக் கூட்டிப்போயி, கல்லுப் பேச்ச எடுக்காதீங்க, லேசருலதான் அளந்தோம்னு நான் போலீசுல சொல்லிட்டேன், உசரம் தெரிஞ்சுதான் குதிச்சாருன்னாரு. கல்ல நம்பி ஆள விட்டோம்னு வெளிய தெரிஞ்சா அவரு பொழப்புப் போயிரும். எனக்குக் கோவந்தான். என் எண்ணிக்கையில தப்பில்லைங்கும்போது ஏன் மறைக்கணும்? ஆனாலும் பேசாம இருந்துட்டேன். யாரும் கேக்கல. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன்.

அப்புறம் ஆளாளுக்குப் பேசுனாய்ங்க. துணி நல்லாருக்கு, கயிறு நல்லாருக்கு, தாமசமாக் குடைய விட்டிருக்காரு, இருநூறு தடவ குதிச்ச ஆளு தெரியாம விடுவாரா, வேணும்னுதான்னு. நானும் ஒருவேளை அப்படித்தானோன்னு நெனச்சேன். நெனச்சா கொஞ்சம் தூக்கம் வரும். பொய் சொல்லல தாயி, அந்த நெனப்பு வந்த அன்னைக்குத்தான் தூங்குனேன்.

மத்தபடி தூக்கம் ஏது. எது விழுந்தாலும் எண்ணுறேன். மரத்துல இருந்து காயி விழுந்தா எண்ணுறேன். ராக்கு கையில இருந்து டம்ளரு நழுவுனா எண்ணுறேன், அது தரையில விழுந்து உருண்டு நின்ன பொறகும் என் வாயி எண்ணிக்கிட்டே கெடக்கு. கெணத்துல வாளி விடுறத விட்டுட்டேன், கொழாயிலதான் புடிக்கிறேன். இன்னொண்ணு, அரிசி அளக்க முடியல. படிய அரிசிக்குள்ள விடுவேன், லாபம்னு சொல்ல வாயத் தொறப்பேன், நாக்கு ஒட்டிக்கிரும். ஏன்னு எனக்கே வெளங்கல. இப்ப ராக்குதான் அளந்து போடுறா. கோயிலுக்குப் போயி கயிறு மந்திரிச்சு வாங்கியாந்து கட்டுனா, இந்தா கையில கெடக்கே, இதான். ஒண்ணும் கேக்கல. இந்த எடத்துக்கு ஒரு வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் வாறேன். உங்களுக்காக வந்தேன்.

என்னது? கேமராவா?

ஆமா, தலையில மாட்டியிருந்தாரு. போலீசுல திருப்பிக் குடுத்துட்டாங்களா. நீங்க பாத்தீங்களா அத? எப்படித் தாயி பாத்தீங்க. சரி, சரி. அதுல என்ன இருக்கு?

மூணா? சரியா மூணு நொடியிலயா குடைய விட்டிருக்காரு?

அப்ப தாமசம் பண்ணலையே. அஞ்சுன்னா மூணு எண்ணி விடணும்னு அவரு என்கிட்டச் சொன்னாரே. சொன்னபடிதான செஞ்சிருக்காரு. இருங்க. அஞ்சுக்கு மூணு. சரியாத்தான இருக்கு. அப்ப குடை ஏன் முழுசா விரியல?

எழுபது மீட்டரா. யாரு அளந்தா? பொறகு வந்து அளந்தாங்களா, வெயில் நேரத்துலயா. எழுபதுக்குக் கல்லு நாலு நொடியில போயிருமா? யாரு சொன்னா? கணக்குப் போட்டுப் பாத்தீங்களா. கணக்குக்கு என்ன தாயி தெரியும், அது இங்க வந்து குப்புறப் படுத்துக் கேட்டுச்சா? நான் கேட்டேன். மூணு கல்லு, மூணுக்கும் அஞ்சு.

இருங்க. இப்பவே காட்டுறேன். நீங்க அங்கயே உக்காருங்க, எந்திரிக்க வேணாம், நான் படுத்துக்கிறேன். இந்தக் கல்லு போதும். உங்க போனுல நொடி ஓடும்ல, அத எடுத்து வச்சுக்கங்க. நான் விடுறப்ப அமுக்குங்க, கேட்டதும் கையத் தூக்குறேன், நிறுத்திருங்க. விடட்டா?

லாபம். ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு.

கேட்டுச்சு. சொன்னேன்ல, அஞ்சு. உங்களுதுல எத்தன?

நாலா. அமுக்கத் தாமசம் ஆகியிருக்கும். பரவால்ல, இன்னொரு தடவ. என் கையப் பாருங்க, கை விரியுறப்ப அமுக்குங்க.

லாபம். ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு.

நாலுதானா?

போனக் காட்டுங்க இங்கிட்டு. ஆமா, நாலுதான் போட்டிருக்கு.

லாபம்னா ஒண்ணு தாயி. அதான் சொன்னேனே. கல்லு கைய விடுறப்பவே சொல்றது. மொத மரக்கா எடுத்துப் போடுறப்பச் சொல்ற மாதிரி. நீங்க எப்படி எண்ணுவீங்க? விட்டதும் ஒண்ணுமே சொல்ல மாட்டீங்களா? ஒரு நொடி போன பொறகுதான் ஒண்ணா? அதுவரைக்கும் வெறுமனேயா?

வெறுமனே.

கல்லு கைய விடுறப்ப இன்னும் ஒரு நொடிகூட ஆகலல்ல. ஆகலதான். நான் அதையும் சேத்து எண்ணிப்புட்டேன்.

நாலு.

நாலுன்னா எண்ணவே கூடாதுன்னாரு. காலை எடுத்த கையோடன்னாரு.

கொஞ்சம் இருங்க தாயி. இல்ல, நீங்க வர வேணாம், ஓரத்துக்கு வராதீங்க. நானே வாறேன். தவழ்ந்தே வாறேன்.

நீங்க ஏன் அழுகுறீங்க. அழுகுறீங்களா, சிரிக்கிறீங்களா? என்னைய அடிங்க தாயி. கல்லெடுத்து அடிச்சாலும் வாங்கிக்கிறேன். கையப் புடிக்காதீங்க. இந்தக் கையத்தான் அஞ்சு வெரலையும் விரிச்சுக் காட்டுனேன்.

ஒண்ண மறைச்சுட்டேன். போலீசுல சொல்லல, ராக்குகிட்டக்கூடச் சொல்லல. அவரு பேசாம நின்னாருன்னு சொன்னேனே, அது மஞ்சுக்காக நின்னாரு. கீழ புல்லு தெரியணும், தெரியாமக் குதிக்கக் கூடாதுன்னு என்கிட்டச் சொல்லிட்டுத்தான் நின்னாரு. நான் அதச் சொல்லாம, பேசாம நின்னாருங்கிறத மட்டும் சொன்னேன். மஞ்சு வெலகுனதும் திரும்பி என்னையப் பாத்தாரு. "அண்ணே, அஞ்சுதானே?"ன்னு கேட்டாரு. அஞ்சுதான் தம்பின்னேன். "சரிண்ணே, கீழ போயி டீ போடச் சொல்லுங்க"ன்னாரு. அதான் கடைசி. சாகப் போறவன் அஞ்சுதானேன்னு கேப்பானா? அது எனக்கு அப்பவே தெரியும் தாயி. தெரிஞ்சுக்கிட்டே ஒரு வருசம் வாய மூடிக்கிட்டு இருந்தேன். என்னத்துக்குன்னு இப்பத்தான் வெளங்குது. அவரு வேணும்னு போகலைன்னா, அப்புறம் மிச்சம் இருக்குறது நான் மட்டுந்தான்.

போன எடுங்க. உங்க அம்மாவுக்குப் போடுங்க. அந்தப் பாறைமேல ஏறி நின்னா சிக்னல் கெடைக்கும், நான் புடிச்சுக்கிறேன், ஏறுங்க. நீங்க சொல்ல வேணாம். நீங்க சொன்னா, மனசத் தேத்துறதுக்குச் சொல்றீங்கன்னு நெனைப்பாங்க. எண்ணுனவன் சொல்லணும். போகுதா? மணி அடிக்குதா? எடுத்துட்டாங்களா? குடுங்க இங்கிட்டு.

அம்மா, கும்புடுறேம்மா. நான் சன்னாசி பேசுறேன். மலையில இருந்து. உங்க மக பக்கத்துலதான் இருக்காங்க, நல்லா இருக்காங்க, பயப்படாதீங்க. உங்க மகனுக்குக் கல்லுப் போட்டு எண்ணிச் சொன்னவன் நாந்தாம்மா. தப்பா எண்ணிச் சொல்லிட்டேன். குதிக்கிறதுக்கு முன்னாடி அவரு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரும்மா. அத உங்ககிட்டச் சொல்லணும்.